ரெயின்கார்டு சுற்றிய கம்ப்யூட்டர்

எங்கள் கடையில் இருந்த என் பழைய கம்ப்யூட்டர், புதிதாக வந்த கம்ப்யூட்டர் இரண்டில் எது உண்மையிலேயே வேகமானது என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பு ஒரு பங்குனி மாதத்தில் என் தலையில் விழுந்தது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். ஆனால் கடையில் பொறுமையாக உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்க்கக்கூடிய ஆள் நான் ஒருவன்தான். அதனால் என்னிடம் வந்தது.

கடை மண்டைக்காட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கடல் தெரியாது, இரைச்சல் மட்டும் கேட்கும். கல்யாண வீடியோவும் ஆல்பமும் செய்கிறோம். மூன்றே பேர். முதலாளி கேமராவோடு கல்யாண வீடுகளுக்குப் போய்விடுவார். என்னைவிடப் பத்து வயது இளையவர், என்னை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார். ஆல்பம் செய்கிறவள் கடியப்பட்டணத்துக்காரி. கணவன் வள்ளத்தில் மீன் தொழிலுக்குப் போகிறவர். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, கம்ப்யூட்டரும் முறையாகப் படித்தவள். வாய் சும்மா இருக்காது. வீடியோவை வெட்டி ஒட்டுகிறவன் நான். பதினான்கு வருடமாக ஒரே நாற்காலி.

அதற்கு முன்பு அருமனைப் பக்கம் ரப்பர் வெட்டிக்கொண்டிருந்தேன், மரப்பட்டையைக் கீறி, வடிகிற பாலைத் தேங்காய்ச் சிரட்டையில் பிடிக்கிற வேலை. விடியுமுன் மரம் வெட்டி, பத்து மணிக்குப் பால் ஊற்றிவிட்டால் மீதிப் பகல் சும்மாதான். அந்த நேரத்தில் கல்யாண வீடுகளில் வீடியோக்காரருக்கு லைட் பிடிக்கப் போனேன். லைட் பிடிப்பவனை யாரும் கவனிக்க மாட்டார்கள் என்பதே எனக்கு அந்த வேலையில் பிடித்த விஷயம். பிறகு எடிட்டிங் செய்கிறவரின் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். மெனுவில் என்ன எழுதியிருக்கிறது என்பது எனக்கு இன்றும் முழுக்கத் தெரியாது. மேலே இருந்து மூன்றாவது, அதற்குள் கீழே இருந்து இரண்டாவது என்று இடம் தெரியும். கை தானாகப் போகும்.

என்னுடைய கம்ப்யூட்டர் பழைய டவர். முழங்கால் உயரம் இருக்கும். பெரிய வேலை கொடுத்தால் அதன் ஃபேன் கல்யாண வீட்டு ஜெனரேட்டர் மாதிரி இரையும். வெட்டி முடித்த வீடியோவை ஒரே கோப்பாக ஆக்குவதற்கு ரெண்டர் என்று பெயர். அது ஓடும்போது வேறு எதையும் தொடக்கூடாது, தொட்டால் நின்றுவிடும். இரண்டு மணி நேரம், சில சமயம் மூன்று. அந்த நேரம் என்னுடையது. கடைக்குப் பின்னால் ஒரு படிக்கட்டு உண்டு. எதிரே தென்னந்தோப்பு. கருப்பட்டிச் சாயா வாங்கி அங்கே உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வேன். தூங்குவது கிடையாது. கழுத்தைப் பின்னால் சாய்த்து, கதவு வழியாக வரும் ஃபேன் இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருப்பேன். அது இரைகிறவரை என்னை யாரும் கூப்பிட முடியாது. எனக்குக் கழுத்தெலும்பு தேய்ந்திருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். கண்ணில் சாயங்காலமானால் மணல் விழுந்தது போல் இருக்கும். ஆகவே அந்த டவர் மெதுவாக ஓடுவது பற்றி நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை.

முதலாளியின் மச்சினன் வளைகுடாவில் இருந்து லீவுக்கு வந்தபோது ஒரு சின்னப் பெட்டி கொண்டுவந்தார். இனிப்புக் கடையில் ஒரு கிலோ அல்வா போட்டுத் தருகிற பெட்டி அளவுதான். அதுவும் கம்ப்யூட்டர் என்றார்கள். லீவு முடிய இன்னும் பத்து நாள் இருந்தது. அதுவரை கடையில் வைத்து ஓட்டிப் பாருங்கள், பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் திரும்பக் கொண்டுபோகிறேன் என்று மச்சினன் சொல்லியிருக்கிறார்.

முதலாளி அதை என் மேசையில் வைத்தார்.

“அண்ணாச்சி, நம்ம டவர் எக்ஸ் எண்பத்தாறுங்கிற இனம். இவ்வளவு காலம் எல்லாக் கடையிலயும் கெடக்குதது அதுதான். இது ஆர்ம். நம்ம ஃபோனுக்குள்ள இருக்கில்லா, அந்தச் சிப்புக்க இனம்.”

ஆல்பக்காரி தன் நாற்காலியில் இருந்தே எட்டிப் பார்த்தாள். “ஃபோனுக்க சிப்பா. அப்போ பாதிக் கல்யாணத்துல சார்ஜ் தீந்து போவுமோ.”

“உனக்கு எல்லாம் தமாசு,” என்றார் முதலாளி. என் பக்கம் திரும்பினார். “கம்பெனிக்காரன் அதைவிட இது இத்தனை மடங்குண்ணு ஒரு படம் போட்டிருப்பான். அது நமக்கு வேண்டாம். ஒரே கல்யாணத்தை ரெண்டுலயும் ஓட்டுங்க. கேமரா கார்டுல இருந்து ஏத்துறது தொட்டு கடைசிவரை. நம்ம வேலையில எது முந்துதுண்ணு நோட்டுல எழுதுங்க.”

நான் சரி என்றேன். அவர் போகவில்லை. மேசையின் விளிம்பை விரலால் தேய்த்துக்கொண்டு நின்றார்.

“இது கொள்ளாம், நல்லா ஓடுதுண்ணா, ரெண்டு சீட்டையும் ஒண்ணாக்கிரலாமாண்ணு ஒரு ஆலோசனை இருக்கு. சீசன் இப்போ முன்ன மாதிரி இல்லல்லா. ஒரு பெட்டி, ஒரு ஆளு. பாப்போம். இப்போ ஒண்ணும் முடிவாக்கல்ல.”

அந்த ஒரு ஆள் யார் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தவள் ஆல்பக்காரி. வீடியோவும் வெட்டுவாள். எனக்கு ஆல்பம் செய்ய வராது. அவள் தலையைக் குனிந்து மவுஸைத் துடைக்க ஆரம்பித்தாள். சாதாரணமாக மவுஸைத் துடைக்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

கிளம்பும்போது முதலாளி வாசலில் நின்று, “மச்சினனுக்க சாமான். உப்புக்காத்து படாம பாத்துக்கிடுங்க,” என்றார்.

உப்புக்காற்று எங்கள் கடைக்குப் பழைய சத்துரு. சாவி துருப்பிடிக்கும், கீல் துருப்பிடிக்கும். இரண்டு முறை கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தபோது உள்ளே இருந்த சர்க்யூட் அட்டை பச்சைப் பாசி மாதிரி உப்புப் படிந்து செத்துக் கிடந்தது. அதில் இருந்து கடையில் எதை வாங்கினாலும் பிளாஸ்டிக் கவர் போட்டுவிடுவோம். அதற்கென்று ஒரு பெரிய சுருள் வைத்திருக்கிறோம். ரப்பர் மரத்துக்கு மழைக்காலத்தில் பாவாடை மாதிரிக் கட்டுவோமே, ரெயின்கார்டு, அந்தப் பிளாஸ்டிக். வெட்டின பட்டையில் மழைத்தண்ணீர் இறங்காமல் காக்கிற சாமான். முதலாளியின் அம்மா வழியில் அருமனையில் கொஞ்சம் ரப்பர் உண்டு, அங்கே மிச்சப்பட்டது. கவர் செய்வது எப்போதும் நான்தான். ஆயிரக்கணக்கான மரத்துக்குக் கட்டின கை. கொசுவி, மடிப்பை ஒரே அளவாக எடுத்து, ஓரத்தை டேப்பால் ஒட்டினால் ஒரு சொட்டு இறங்காது.

டவருக்குக் கவர் போட்டபோது பின்பக்கத்தைத் திறந்துவிட்டிருந்தேன். அங்கே ஃபேன் இரைவது காதில் விழுந்தது, அதற்குக் காற்று வேண்டும் என்று யாரும் சொல்லாமலே புரிந்தது. இந்தச் சின்னப் பெட்டியைப் போட்டுப் பார்த்தேன். சத்தமே இல்லை. காதை வைத்துக் கேட்டேன். அப்போதும் இல்லை. சத்தம் போடாத சாமானுக்கு மூச்சு விட இடம் வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. நான்கு பக்கமும் மடித்து, வயர் வெளியே வருகிற இடத்தில்கூட டேப்பைச் சுற்றி, அழகாகக் கட்டி முடித்தேன். ஆல்பக்காரி வந்து பார்த்தாள்.

“எண்ணே, இதுக்குப் பால் சிரட்டையும் தொங்கவிடுங்க. காலைல கொஞ்சம் கிட்டும்.”

சோதனைக்கு ஒரு கோயில் கல்யாணத்தையும் அதன் சாயங்கால வரவேற்பையும் எடுத்துக்கொண்டேன். நான்கு கேமரா. எங்கள் பக்கத்தில் மேடை ஏறின ஒருவர்கூட வீடியோவில் விட்டுப்போகக் கூடாது. சுருக்கமாகச் செய்து கொடுத்தால் சண்டைக்கு வருவார்கள். வெளிநாட்டில் இருக்கிற சித்தப்பா தன் பிள்ளைகள் மேடை ஏறினதைப் பார்க்கவேண்டும் என்று சொல்வார்கள். ஆகவே மொத்தம் இரண்டே முக்கால் மணி நேரம்.

முதல் நாள் டவர். எனக்குத் தெரிந்த வழி. கார்டை ஏற்றினேன், நான்கு கேமராவையும் வரிசையாக வைத்தேன். நான்கையும் ஒன்றாக ஓட்டினால் டவர் திக்கும். தாலி கட்டுகிற இடத்தில் மாப்பிள்ளையின் கை அங்கேயே நிற்கும், நாதஸ்வரம் மட்டும் முன்னால் போகும். அதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறேன், படத்தைச் சின்னதாக்கி ஓட்டுவேன். எல்லாம் முடித்து ரெண்டர் போட்டேன். இரண்டு மணி இருபது நிமிடம். படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். தோப்பில் யாரோ ஓலை வெட்டிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஃபேன் இரைச்சல் நின்றதும் எழுந்து வந்து நோட்டில் எழுதினேன்.

மறுநாள் சின்னப் பெட்டி. போட்டதும் எழுந்துவிட்டது. டவரில் நான் சுவிட்சைப் போட்டுவிட்டு வாசல் பெருக்கி முடிப்பேன், அவ்வளவு நேரம் ஆகும். கார்டு ஏறுவது கிட்டத்தட்ட ஒன்றுதான், அது கார்டின் வேகம். பிறகு நான்கு கேமராவையும் ஒன்றாக ஓட்டினேன். ஒரு இடத்திலும் திக்கவில்லை. தாலி கட்டுகிற கையும் மேளமும் சேர்ந்தே போயின. பதினான்கு வருடத்தில் என் மேசையில் அதை அப்படி நான் பார்த்ததில்லை.

ஒன்று, அதில் என் கைதான் திக்கியது. அதே சாஃப்ட்வேர்தான், ஆனால் மெனு இருக்கவேண்டிய இடத்தில் இல்லை. மேலே இருந்து மூன்றாவதைத் தொட்டால் வேறு ஏதோ திறந்தது. இரண்டு மூன்று முறை ஆல்பக்காரி எழுந்து வந்து காட்டிக்கொடுத்தாள். மணமக்கள் மேல் பூ விழுகிற பழைய எஃபெக்ட் அதில் ஓடவே இல்லை. தமிழில் பெயர் போடுகிற எழுத்து பழைய இனத்துக்காகச் செய்த சாஃப்ட்வேர். அது ஓடியது, ஆனால் தயங்கித் தயங்கி. பழைய இனத்துக்குச் சொன்னதை இந்த இனத்துக்குப் புரிகிற மாதிரி நடுவில் ஒன்று மொழிமாற்றிக் கொடுக்கிறதாம், அதனால் அந்தத் தாமதம் என்று அவள் ஃபோனில் பார்த்துச் சொன்னாள். இதையும் நோட்டில் எழுதினேன்.

பிறகு ரெண்டர். கோடு சரசரவென்று நகர்ந்தது. கால் பங்கு கால் மணி நேரத்தில் ஓடிவிட்டது. நான் படிக்கட்டுக்குப் போகாமல் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். இப்படிப் போனால் ஒரு மணி நேரம்தான். என் நாற்காலியின் கைப்பிடியில் ஒரு இடம் தோல் உரிந்திருக்கும், அதைத் தடவிக்கொண்டே இருந்தேன். அதற்குப் பிறகு கோடு தளர்ந்தது. நகர்வதே தெரியாமல் ஊர்ந்தது. கடைசியில் இரண்டு மணி ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

சாயங்காலம் முதலாளி வந்து நோட்டைப் பார்த்தார்.

“வெறும் பதினஞ்சு நிமிஷமா. இதுக்கா இந்தப் பாடு.”

அவர் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

“பூ எஃபெக்ட்டும் ஓடல்ல. தமிழும் இழுக்குது. பின்ன என்னத்துக்கு இது. மச்சினன் சும்ம அளந்து விட்டிருக்கான்.” நோட்டை மூடினார். “டவரே இருக்கட்டும் அண்ணாச்சி. கூட இவளுக்கு இன்னொரு டவர் பாப்போம்.”

அன்று பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. குலசேகரத்தில் மாறி, வீடு இருக்கிற அருமனை போய்ச் சேரும்வரை நன்றாகத் தூங்கினேன்.

ஆல்பக்காரியும் பெட்டியைச் சோதிக்கவேண்டும் என்று முதலாளி சொல்லியிருந்தார். அவளுக்கு அடுத்த நாள். அவள் உட்கார்ந்திருந்த கம்ப்யூட்டர் என் டவரைவிடப் பழையது. நாற்பது பக்க ஆல்பத்தைச் சேமிக்கக் கொடுத்துவிட்டு ஜெபமாலை உருட்டுவாள். அது முடியாமல் ஐந்தரை பஸ்ஸை வாரத்தில் மூன்று நாளாவது விடுவாள். அடுத்தது ஏழுக்குத்தான். அவளுடைய மாமியார் படுக்கையில் கிடக்கிறார், பகலில் பார்த்துக்கொள்கிற பக்கத்து வீட்டுப் பெண் ஆறு மணிக்குப் போய்விடுவாள். இதை அவள் குறையாகச் சொன்னதில்லை. பஸ் போன பிறகு பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு ஃபோன் போடுவாள், அவ்வளவுதான்.

அவள் நாற்பது பக்கத்தையும் கொடுத்தாள். நான் சாயாவை வாயில் வைப்பதற்குள் முடிந்துவிட்டது. மறுபடி கொடுத்தாள். மறுபடி முடிந்தது. அவள் சிரிக்கவில்லை. நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

“எண்ணே, எனக்குப் பறக்குது. ஒங்களுக்கு மட்டும் எப்பிடி இது நடந்துச்சு.”

“வீடியோ பெரிசில்லா,” என்றேன்.

“பெரிசுதான். ஆனா மொதல்ல ஓடிச்சுதே. நானும் பாத்தேன். ஓடிட்டு நிண்ணுது. வள்ளம் மணல்ல ஏறுன மாதிரி.”

அவள் தண்ணீர் குடிக்க எழுந்து போனபோது கவருக்கு மேல் கையை வைத்தேன். சுட்டது. புட்டுக் குடத்தைத் தொட்டது போல் இருந்தது. சின்ன வேலைக்கே அந்தச் சூடு. பிளாஸ்டிக் அடிப்பக்கம் ஒரு இடத்தில் இளகி உள்ளே ஒட்டியிருந்தது. மேலே வெயில், பங்குனி மாதம், மூட்டைபோல் கட்டின கவர், இரண்டு மணி நேர வேலை. எனக்கு அந்த நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. மரத்துக்கு ரெயின்கார்டு கட்டும்போதே இதைச் சொல்லித்தான் தருவார்கள். அடிப்பக்கத்தை ஒட்டாதே, பட்டை வெந்துபோகும் என்று. மரத்துக்கு ஒருநாளும் நான் அந்தத் தப்பைச் செய்ததில்லை.

கையை எடுத்துவிட்டேன். வெயில் அதிகம் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். அன்றும் சொல்லவில்லை, மறுநாளும் சொல்லவில்லை. வேண்டுமென்று கட்டினேனா என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது என்ற யோசனை வேறு. வேண்டுமென்று கட்டவில்லை. ஆனால் அவ்வளவு இறுக்கமாகக் கட்டியிருக்கவும் வேண்டாம். ஒரு சீட்டு, ஒரு ஆள் என்று முதலாளி சொல்லி அரை மணி நேரத்துக்குள் கட்டின கவர் அது.

ஐம்பது வயதை நெருங்கினவனுக்கு வேறு எந்தக் கடையில் நாற்காலி கிடைக்கும். ரப்பர் வெட்ட இந்தக் கழுத்து ஒத்துழைக்காது. புது ஆட்களிடம் போய் வேலை கேட்டு நிற்கவும் எனக்கு வராது. கல்யாண வீடுகளில் சாப்பிடக் கூப்பிட்டாலே இரண்டாம் பந்தி, மூன்றாம் பந்தி என்று ஒதுங்குகிறவன். இந்த நினைப்பெல்லாம் இரண்டு நாளும் என் கூடவே பஸ்ஸில் ஏறி இறங்கியது.

மூன்றாம் நாள் காலையில் முதலாளி ஃபோனில் மச்சினனிடம் பேசுவதைக் கேட்டேன். வேண்டாம் என்று சொன்னார், நாளை வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னார். பிறகு என்னிடம், “அண்ணாச்சி, அந்தக் கவரைப் பிரிச்சுத் தொடச்சு வையுங்க,” என்று சொல்லிவிட்டு கேமராவோடு தக்கலைக்குப் போய்விட்டார்.

கவரைப் பிரித்தேன். ஒட்டின இடத்தில் பெட்டியின் அடியில் ஒரு மங்கல் வட்டம் விழுந்திருந்தது. தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தேன், போய்விட்டது. அடிப்பக்கம் முழுக்கச் சின்னச் சின்னத் துளை. காற்று போகிற வழி. அதைச் சுற்றித்தான் நான் மூன்று மடிப்பு வைத்திருந்தேன். துடைத்த பெட்டி மேசையில் இருந்தது. நேரம் பத்தரை. வேறு வேலையும் இல்லை. வயர்களை மாட்டினேன். அதே கல்யாணத்தைத் திறந்து ரெண்டரைப் போட்டேன்.

ஏன் போட்டேன் என்று இன்றுவரை எனக்குத் தெளிவாகத் தெரியாது. ஒருவேளை இந்தத் தடவையும் நின்றுவிடும், என் மேல் தப்பில்லை என்று ஆகிவிடும் என்று நினைத்திருக்கலாம்.

கால் பங்கு ஓடியது. பாதி ஓடியது. நிற்கவில்லை. ஆல்பக்காரி தன் வேலையை விட்டுவிட்டு சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோடு கடைசியைத் தொட்டபோது மணி பதினொன்றே கால் தாண்டி எட்டு நிமிடம்.

“ஒரு மணிக்கூறுகூட ஆவல்ல,” என்றாள் மெதுவாக.

மேசையில் பிரித்துப்போட்ட பிளாஸ்டிக்கை அவள் பார்த்தாள். ஒட்டின இடத்தில் அது சுருங்கிக் கிடந்தது. பிறகு என்னைப் பார்த்தாள். பன்னிரண்டாம் வகுப்பு படித்தவளுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

“எண்ணே.”

“ம்.”

“நான் ஒண்ணும் பாக்கல்ல.”

“பாத்தியே பிள்ளே.”

“பாக்கல்லண்ணு சொல்லுதேன்லா. நாளைக்கு இது போவுது. எனக்கு இன்னொரு டவர் வருது. எனக்கு என்ன கொறஞ்சு போச்சு. நீங்க கொண்டுபோயி அந்தப் பிளாஸ்டிக்கைக் குப்பைல போடுங்க.”

அவள் திரும்பி உட்கார்ந்து ஒரு ஆல்பத்தைச் சேமிக்கக் கொடுத்தாள். அவளுடைய பழைய கம்ப்யூட்டர் வட்டம் சுற்ற ஆரம்பித்தது. கையை மடியில் வைத்துக்கொண்டு அவள் அந்த வட்டத்தையே பார்த்தாள்.

நான் படிக்கட்டில் போய் உட்கார்ந்தேன். ரெண்டர் ஓடாதபோது அங்கே உட்கார்வது முதல் தடவை. கதவு வழியாக ஒரு சத்தமும் வரவில்லை. நான் பெரிய நேர்மைக்காரன் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். இரண்டு நாள் மறைத்தவன்தான். ஆனால் அந்த இரண்டு நாளில் எனக்கு வந்த அலுப்பு மரம் வெட்டின காலத்திலும் வந்ததில்லை. இனி தினமும் அவளுக்கு எதிரே உட்கார்ந்து, ஐந்தரை பஸ் போவதை இரண்டுபேரும் பார்த்துக்கொண்டு, அவளுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரிந்து, அதையும் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போக என்னிடம் திராணி இல்லை. இருக்கிற களைப்பே போதும் என்று பட்டது.

உள்ளே வந்து நோட்டை எடுத்தேன். பழைய கணக்குக்குக் கீழே எழுதினேன். கவர் இல்லாமல், ஐம்பத்து மூன்று நிமிடம். அதற்குக் கீழே, கவரை அடியோடு ஒட்டிக் கட்டியது நான், காற்றுப் போகவில்லை, முதல் கணக்கு தப்பு என்று எழுதினேன். வாயால் சொல்ல எனக்கு வராது. நோட்டை முதலாளி உட்காருகிற இடத்தில் விரித்து வைத்து, பறக்காமல் இருக்க அந்தப் பிளாஸ்டிக்கைச் சுருட்டி மேலே வைத்தேன்.

முதலாளி நான்கு மணிக்கு வந்தார். நின்றபடியே வாசித்தார். பிளாஸ்டிக்கை விரித்து, ஒட்டின இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். ஆல்பக்காரி தன் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“கெட்டினது நீங்களா.”

“ஆமா.”

“கெட்டச் சொன்னது நானில்லா.” பிளாஸ்டிக்கை மேசையில் போட்டார். “நம்ம ரெண்டுபேருமாச் சேந்து அதுக்க மூக்கைப் பொத்திட்டு, ஓடு ஓடுண்ணு சொல்லியிருக்கோம்.”

“அதுவும் பாவம் ரெண்டு மணிக்கூறு ஓடியிருக்கு,” என்றாள் ஆல்பக்காரி, திரும்பாமலே.

முதலாளி மச்சினனுக்கு ஃபோன் போட்டார். நாளை வரவேண்டாம் என்றார். பிறகு வெளியே போய் நீண்ட நேரம் ஸ்கூட்டர் மேல் உட்கார்ந்திருந்தார்.

இரண்டு நாள் கழித்துச் சொன்னார். என் முகத்தைப் பார்க்காமல், டவரின் கவரைச் சரிசெய்துகொண்டே சொன்னார். பெட்டி இருக்கட்டும். வீடியோ, ஆல்பம் இரண்டையும் ஆல்பக்காரி அதில் செய்யட்டும். டவரையும் விற்க வேண்டாம். பழைய கல்யாணங்களெல்லாம் பழைய எஃபெக்ட்டோடு அதில்தான் திறக்கும், யாராவது வந்து கேட்பார்கள். நீங்கள் டவரில் உட்கார்ந்து முடிந்த வீடியோவைப் பார்த்துச் சொல்லுங்கள்.

பார்த்துச் சொல்வது எங்கள் கடையில் பழைய வழக்கம். ஒருமுறை ஒரு கல்யாணத்துக்குள் வேறொரு வீட்டு வரவேற்பு பத்து நிமிடம் கலந்து போய்விட்டது. மணமகளின் மாமன் கடை வாசலில் வந்து நின்று சத்தம் போட்டார். அதில் இருந்து எந்த வீடியோவையும் முதலில் இருந்து கடைசிவரை, ஒரு இடம் விடாமல், ஓட்டிப் பார்த்த பிறகுதான் கொடுப்போம். வேகமாக ஓட்டிப் பார்க்கக் கூடாது. முன்பு யாருக்கு நேரம் கிடைக்கிறதோ அவர் பார்ப்பார். இப்போது அது முழுக்க என் வேலை.

இப்படியாக என் நாற்காலி போகவில்லை. அதை நினைத்து அன்று ராமேஸ்வரம் போய்வந்தவன் மாதிரி நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். போகப்போகத்தான் வேலையின் அளவு தெரிந்தது. சின்னப் பெட்டி ஒரு கல்யாணத்தை ஐம்பது நிமிடத்தில் முடித்துக் கொடுக்கிறது. நான் அதைப் பார்க்க இரண்டே முக்கால் மணி நேரம் ஆகிறது. ஒன்றைப் பார்த்து முடிக்கும் முன்பு அடுத்தது வந்து நிற்கும். மேடை ஏறுகிற ஒவ்வொருவரும், ஒவ்வொரு மொய்க் கவரும், ஒவ்வொரு கைகுலுக்கலும். எந்தச் சிப்பாக இருந்தாலும் இரண்டே முக்கால் மணி நேரம் இரண்டே முக்கால் மணி நேரம்தான். டவரும் இதற்கெல்லாம் இரைவதில்லை, அதற்கு இது ஒரு வேலையே கிடையாது. கடையில் இப்போது இரைச்சலே இல்லை. படிக்கட்டுக்குப் போக எனக்குக் காரணமும் இல்லை.

ஆல்பக்காரி ஐந்தரை பஸ்ஸைப் பிடித்துவிடுகிறாள். போகும்போது என் மேசையில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போவாள். சில நாள் கிளம்புமுன் மெனுவைத் தமிழில் ஒரு தாளில் எழுதி ஒட்டித் தருகிறாள், மேலே இருந்து மூன்றாவது என்ன, அதற்குள் இரண்டாவது என்ன என்று. பெட்டிக்குக் கவர் இப்போது கிடையாது. கடை பூட்டும்போது மட்டும், அது ஆறின பிறகு, ஒரு துணியைப் போர்த்துகிறேன். உப்பு ஒருநாள் அதையும் தின்னும்.

ஆனி மாதம் காற்று பிடித்தபோது ஒரு மத்தியானம் கரண்ட் போனது. எங்கோ மரக்கொம்பு ஒயரில் விழுந்திருக்கும். டவருக்கு இருக்கிற யூபிஎஸ் கொஞ்ச நேரம் கீச்சுக் கீச்சென்று கத்திவிட்டு ஓய்ந்தது. என் திரையில் ஒரு மாமா மேடைப் படியில் கால் வைத்தபடியே இருட்டிப் போனார். ஆல்பக்காரியின் பக்கம் அதே மாதிரி யூபிஎஸ்தான், ஆனால் அந்தப் பெட்டி கொஞ்சமாகத்தான் கரண்டைக் குடிக்கும், அவள் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தாள்.

“எண்ணே, ஒங்க டவர் படுத்துட்டா.”

“படுத்துட்டு.”

“அப்போ நீங்களும் போங்க. கரண்ட் வந்தா கூப்பிடுதேன்.”

நோட்டில் நான் எழுதாமல் விட்ட ஒரு வித்தியாசம் அது. கரண்ட் போனால் அது நிற்காது, இது நிற்கும். பேனாவைத் தேடினேன், பிறகு விட்டுவிட்டேன். சாயா வாங்கிக்கொண்டு படிக்கட்டில் போய் உட்கார்ந்து கழுத்தைச் சாய்த்தேன். தோப்பு முழுக்கக் காற்று. உள்ளே அவள் மவுஸைத் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. ஈபிக்காரர்கள் மெதுவாக வரட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.